மூணாவது சரணத்துக்கு எத்தனை மார்க்

கொஞ்சம் நகந்து குந்து தம்பி. ஜன்னல் சீட்டு உனக்கே இருக்கட்டும். எனக்கு எதிர்காத்து ஆகாது, தொண்டை கட்டிக்கும். தொண்டைதான் நம்ம பொழப்பே. எங்க, சென்னைக்கா? கோயம்பேடு வரைக்குமா? அட, நானும் அங்கதான். நல்லதாப் போச்சு. ரெண்டு மூணு மணி நேரம் யார்கூடயும் பேசாம குந்திக்கினு போறதுன்னா எனக்கு ஜுரமே வந்துடும். இந்த பஸ்ஸுக்கு பத்துக்கு நாலு மார்க்தான் குடுப்பேன். சீட்டு பூரா கிழிஞ்சிருக்குது பாரு. டிரைவருக்கு ஆறு. கண்டக்டருக்கு ஒண்ணும் கெடையாது, மூஞ்ச உம்முன்னு வெச்சிக்கினு இருக்கான். எதுக்கும் ஒரு மார்க் போட்டுடணும்பா. அது எனக்கு சின்ன வயசுலேர்ந்தே பழக்கம்.

அது இன்னா பொட்டலம், வேர்க்கடலையா? ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கறேன். ம். ஏழு மார்க். உப்பு தூக்கல்.

காதுல மாட்டிக்கினு இன்னாத்த கேக்கற? காட்டு, காட்டு. அட! "பதனிட்ட தோல்"! தம்பி, இது யார் ஆல்பம்னு தெரியுமா உனக்கு? எம்.சி. சுண்ணாம்புன்னு போட்டிருக்குதா, அது ஊருக்கு. எனக்கு அவன் லோகு. லோகநாதன். என் கூடப்பொறந்த அக்கா கன்னியம்மாவோட ஒரே புள்ள. நான் அவனுக்கு தாய்மாமன். பொய் சொல்றேன்னு பாக்கறியா? அந்த படத்துல அவன் மூக்க பாரு. இப்ப என் மூக்க பாரு. அச்சு அசல்!

அவன் அப்பன் ராணிப்பேட்டையில தோல் பதனிடற ஷாப்புல, தோல ஊறப் போடற சுண்ணாம்புக் குழியில வேல பாத்தவன். அதான் அவன் அந்தப் பேர வெச்சிக்கினான். நான் வேற பேரு சொன்னேன். "சிங்கக்குரல் லோகு"ன்னு வைடான்னேன். கேக்கல. அப்பன் சீக்கிரமே போய்ட்டான், குடி. அப்புறம் இவனுக்கு பத்து வயசுல அம்மாவும் போய்ட்டா. அப்புறம் யாரு? நான்தான். ராணிப்பேட்டை முத்துக்கடையில "தட்சணா சவுண்ட் சர்வீஸ்"னு கேட்டுப் பாரு, கைக்கொழந்த வழி காட்டும். தட்சணாமூர்த்தி நான்தான். காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், ஆடி மாசம் கூழ் ஊத்தறது, எது நடந்தாலும் நம்ம மைக் செட்டுதான். செட்டு போடறதோட வுட மாட்டேன், அறிவிப்பும் நாந்தான். மாப்பிள்ள ஊர்வலம் வாசலுக்கு வர்றதுக்கு முன்னாடியே மாப்பிள்ளயோட தாத்தன் பாட்டன் கதையெல்லாம் மைக்குல சொல்லி முடிச்சிடுவேன். சனங்க அப்படியே வாயத் தொறந்துக்கினு குந்தியிருக்கும். சில பேரு சாப்புடப் போய்டுவாங்க. ரசனை இல்லாதவங்க.

அந்த கடையிலதான் இந்தப் பையன் வளந்தான். அம்மா செத்தப்ப ரெண்டு மாசமோ மூணு மாசமோ வாயவே தொறக்கல. பள்ளிக்கூடத்துல வாத்தியாரு ஊமைன்னே முடிவு பண்ணிட்டாரு. அது ஒரு பக்கம் கெடக்கட்டும். புள்ளைங்கன்னா அப்படித்தான், அப்புறம் சரியாப் போச்சு. நான் சொல்ல வந்தது அது இல்ல. நான் சொல்ல வந்தது, அவனுக்கு பேச்சுக்கலைய கத்துக் குடுத்ததே நான்தான். ஏத்த எறக்கமா எப்படிப் பேசறது, எங்க மூச்சு வுடறது, எல்லாம். இன்னிக்கி ராப்பு ராப்புன்னு கத்தறீங்களே, அது இன்னா? மூச்சு வுடாம பேசறது. நான் முப்பது வருசமா அதத்தான் பண்ணிக்கினு இருக்கேன். எனக்கு ஒருத்தனும் ஆல்பம் போடல.

இன்னும் ரெண்டு கடலை எடுத்துக்கறேன்.

மொத ஆல்பம் வந்தப்ப நீ ஸ்கூல் படிச்சிருப்ப. தமிழ்நாடே ஆடுச்சு. ஆட்டோவுல அவன் பாட்டு, ஆஸ்பத்திரியில அவன் பாட்டு. எல்லா மேடையிலயும் நான்தான் ஏறி அறிமுகம் பண்ணுவேன். நான் பேசுனப்புறம்தான் அவன் பாடுவான். சனங்க "மாமா எறங்கு, மாமா எறங்கு"ன்னு கத்துவாங்க. அவ்வளவு உரிமை! வேற யாரையாவது ஊரே சேந்து மாமான்னு கூப்டுதா?

அப்புறம்தான் அந்த மெட்ராஸ் காலேஜ் புரோகிராமு. சொல்றேன் கேளு, இன்னிக்கும் நெஞ்சு எரியுது. ஆறாயிரம் பசங்க. அவங்க கிட்ட வெளிநாட்டு ஸ்பீக்கரு இருந்துச்சு. வேணாம்னு சொல்லிட்டேன். என் மருமவன் என் செட்டுல பாடுனாத்தான் ராசின்னு ஒரு வேன் புடிச்சி நம்ம செட்டையே கொண்டு போய் எறக்குனேன். மேடை ஏறி அறிமுகம் ஆரம்பிச்சேன். அவன் பொறந்தது, வளந்தது, நான் பட்ட பாடு, மைக்குன்னா இன்னா, அதுக்கு எப்படி மரியாதை குடுக்கணும், எல்லாம். முக்கா மணி நேரம் கூட ஆகல தம்பி. பத்து மணிக்கு மேல மைக்கு போடக்கூடாதாம், அது என் தப்பா? ஒம்பதே முக்காலுக்கு இவன் பின்னாடியிலேர்ந்து வந்தான். என் கையில இருக்கற மைக்க புடிச்சான். "மாமா, போதும், மைக்க குடு"ன்னான். மைக்குலயே கேட்டுச்சு. ஆறாயிரம் பேருக்கும் கேட்டுச்சு. எல்லாம் சிரிச்சிதுங்க.

என் செட்டுல, என் மைக்குல, என்னையே போதும்னுட்டான்.

எனக்கு ரோசம் வந்துடுச்சு. ரோசம் இல்லாதவன் மனுசனா? எறங்கிப் போய் ஆம்ப்ளிஃபயர் ஒயர புடுங்குனேன். லைட்டுக்கும் அதே லைன்தான், அதுவும் போச்சு. செட்ட கட்டி ஏத்திக்கினு ராணிப்பேட்டைக்கு வந்துட்டேன். இவன் இருட்டுல கொஞ்ச நேரம் மைக்கில்லாம கத்திக்கினு நின்னானாம். பசங்க செருப்ப வீசிட்டாங்க. அத எவனோ போன்ல புடிச்சி போட்டு வுட்டான். "சுண்ணாம்பு அவிஞ்சு போச்சு"ன்னு உலகம் பூரா சிரிச்சிது. அதோட அவன் பாடறதயே வுட்டுட்டான். ஏழு வருசம். இதுல பாதிக்கப்பட்டது யாரு சொல்லு? நான்தான். இது வரைக்கும் ஒரு போன் இல்ல. ஒரு மன்னிப்பு இல்ல. பொங்கலுக்கு பொங்கல் என் பொண்டாட்டி குணசுந்தரிக்கு புடவ வரும். எனக்கு ஒரு துண்டு வராது. அவ கிட்ட மட்டும் போன்ல பேசுவான். நான் பக்கத்துல போய் நின்னு சும்மா இருமுவேன். "மாமாவுக்கு இருமலா?"ன்னு கேப்பானாம். அவ்வளவுதான்.

எனக்கும் தோணும் தம்பி, ஒரு எட்டு போய் பாத்துட்டு வரலாம்னு. வளத்த கை சும்மா இருக்குமா? ஆனா மொதல்ல அவன்தான கூப்புடணும்? மாமன் எப்படி எறங்கிப் போறது?

வாலாஜா டோல்கேட் வந்துடுச்சு பாரு. கடலைய இப்படி வெச்சிக்க, கொட்டிடப் போவுது. நானே புடிச்சிக்கறேன்.

போன மாசம் இந்த ஆல்பம் வருதுன்னு சேதி. முத்துக்கடை பசங்களுக்கு கை கால் நிக்கல. சினிமா ரிலீஸ்னா தேட்டரு இருக்குது, கட்டவுட் வெக்கலாம், பால் ஊத்தலாம். இதுக்கு எங்க ஊத்தறது? ஆல்பம் போன்ல இல்ல வருது! கடைசியில செல்போன் ரீசார்ஜ் கடை வாசல்ல கட்டவுட்ட நட்டு பால ஊத்துனாங்க. பால் ஓடி ஷட்டருக்குள்ள பூந்து கடைக்காரன் சார்ஜர் எல்லாம் நனஞ்சி, ஒரே சண்டை. நல்ல கூட்டம். எட்டு மார்க் குடுத்தேன்.

மறுநாளே ஆரம்பிச்சிட்டானுங்கப்பா விமர்சனம். அதுதான் கொடும. ஒரு பாட்ட கேக்கறதுக்குள்ள ஒம்பது பேரு கருத்து சொல்றான். டப்பா டேவிட்னு யூட்யூபுல ஒருத்தன் இருக்கானே, கார்ல குந்திக்கினு பேசுவான். நின்னுக்கினு இருக்கற கார்ல பெல்ட்டு போட்டுக்கினு பேசுவான், அவ்வளவு ஜாக்கிரத. அவன் சொல்றான், "நண்பர்களே, அண்ணன் பழைய அண்ணன் இல்ல. சுண்ணாம்பு ஆறிப் போச்சு." இங்கிலீஷ் பேப்பர்ல அரைப் பக்கம் வந்துச்சு. என் மச்சான் பொண்ணு எம்.ஏ. படிக்கறா, அவள வுட்டு படிக்கச் சொன்னேன். குழியில இருந்து வந்த குரல் இப்ப ஏ.சி. ரூம்ல குந்தி தன் குழிய ஏக்கமா பாக்குதுன்னு எழுதியிருக்குதாம். நல்லா இருக்குதுன்றானா இல்லன்றானான்னு கேட்டேன். "அது அவங்களுக்கே தெரியாது மாமா"ன்னுட்டா.

அப்புறம் ஒரு பேராசிரியரு. சின்னதா ஒரு பத்திரிகை, அதுல பெருசா ஒரு கட்டுரை. எங்கூரு லைப்ரரியில இருந்துச்சு, போய் குந்தி படிச்சேன். சுண்ணாம்பு என்பது வெண்மை, வெண்மை என்பது அதிகாரம், அதனால கவிஞன் தன்னைத் தானே அழிச்சிக்கறான்னு போட்டிருக்காரு. எனக்கு தல சுத்திடுச்சு. ஆனா ஒண்ணு பாரு, இந்த மூணு பேரும் ஒருத்தன ஒருத்தன் கண்டாலே ஆகாதவங்க. மாமியாரும் மருமவளும் மாதிரி. அந்த மூணு பேரும் ஒரே ஒரு விசயத்துல மட்டும் ஒண்ணா தலயாட்டிட்டாங்க.

ஏழாவது பாட்டு. "மைக் டெஸ்டிங்."

அது எதிரிய திட்டற பாட்டு. ராப்புல அப்படி ஒரு வழக்கம் உண்டாமே, பேரச் சொல்லாம ஒருத்தன கிழிக்கறது. நம்மூரு கொழாயடியில காலங்காலமா நடக்கறதுதான். மொத ரெண்டு சரணம் நெருப்புன்னுட்டாங்க மூணு பேரும். டப்பா டேவிட் பெல்ட்ட கழட்டிட்டு எழுந்து நின்னுட்டான், தல கார்ல இடிச்சிடுச்சு. ஆனா மூணாவது சரணம் சுத்த மோசம், பாசத்துல வழுக்கி வுழுந்துட்டான், திட்டிக்கினு இருக்கறப்ப எதுக்கு கண்ணக் கசக்கறது, அத வெட்டித் தூக்கி எறிஞ்சிருக்கணும்னு மூணு பேரும் சொல்லிட்டாங்க. நானும் அதேதான் சொல்றேன். பத்துக்கு ரெண்டு.

கேட்டியான்னா? நான் எதுக்குப்பா கேக்கணும்? படிச்சவங்க, பேராசிரியரு, காரு வெச்சிருக்கறவன், எல்லாம் நல்லா இல்லன்றான். நல்லா இல்லாதத கேட்டு காதக் கெடுத்துக்கணுமா? ரீசார்ஜ் கடைக்காரன் கிட்ட சொல்லி மூணாவது சரணத்த வெட்டியே எடுத்துட்டேன். என் போன்ல இருக்கறது, பசங்களுக்கு பென் டிரைவ்ல குடுத்தது, கோயில் திருவிழாவுல போட்டது, எல்லாம் ரெண்டு சரணம்தான். மருமவன் பாட்டுல ஒரு குறையின்னா மாமன் சரி பண்ண மாட்டானா?

யார திட்டறான்னா கேக்கற? இது கூட தெரியாதா! எம்.சி. பீரங்கி. பல்லாவரத்தான். இவன் பாடாம கெடந்த ஏழு வருசமும் அவன்தான கொடி நாட்டுனான். நீயே வரிய கேளு, நான் சொல்றேன்:

"மஞ்சப் பூச் சட்டையில மாலைக்கு காத்திருப்பான்
மாப்பிள்ள வர்றதுக்குள்ள மைக்குலயே தாலி கட்டுவான்."

எப்படி! பீரங்கி ஒரு படத்துல மஞ்ச சட்ட போட்டிருக்கான், நான் பாத்திருக்கேன். பூ இருந்துச்சான்னு தெரியல. இந்த நான் போட்டிருக்கறதா? இதுவும் மஞ்சதான், இதுலயும் பூதான். அதனால இன்னா? மஞ்ச சட்ட யாருகிட்ட இல்ல? எனக்கு மேடை சட்டையே இதுதான், அஞ்சு வெச்சிருந்தேன். அப்புறம் கேளு:

"அடுத்தவன் பொட்டலத்துல கைய வுட்டுக்கிட்டு
அட்வைஸ் பண்ணுவான், காலியாயிடும் லட்டு."

அந்த பீரங்கி அப்படிப்பட்ட ஆளு போல. சிலதுங்க அப்படித்தான் தம்பி, பேசிக்கினே அடுத்தவன் துன்றத துன்னுடும், வெக்கமே இருக்காது. இன்னா, கடலை தீந்துடுச்சா? பாத்தியா, நீ சாப்புட்டதே தெரியல.

ரெண்டாவது சரணம் இன்னும் சூடு:

"கூட்டம் சேந்தா என்னாலன்னு சொல்லுவான்
சேந்த கூட்டத்த தூங்க வெச்சே கொல்லுவான்
ஒயர புடுங்கி ஓடுன வீரன்
ஊரே இருட்டு, அவன்தான் சூரன்."

ஒயருன்னா நிஜ ஒயரா? அது உள்ளர்த்தம்பா. பீரங்கி ஏதோ யூட்யூபுல சூழ்ச்சி பண்ணி இவன் பாட்ட நிறுத்தியிருக்கான், அதத்தான் ஒயருன்றான். கவித தெரிஞ்சவனுக்குத்தான் இதெல்லாம் புரியும்.

எனக்கு ரத்தம் கொதிச்சிடுச்சு. என் மருமவன ஒருத்தன் இந்தப் பாடு படுத்தியிருக்கான், நான் கைய கட்டிக்கினு குந்தியிருக்கறதா? பசங்கள கூப்ட்டேன். நம்மூர்ல எதிரிய அசிங்கப்படுத்தணும்னா இன்னா பண்ணுவோம்? கொடும்பாவி. முத்துக்கடை மொனையில பீரங்கிக்கு கொடும்பாவி கொளுத்தறோம்னு நானே மைக்குல அறிவிச்சேன். வைக்கோல் கட்டி, தலைக்கு பானை வெச்சி, ஜோரா செஞ்சானுங்க. சட்ட மட்டும் இல்ல. பாட்டுல மஞ்சப் பூச் சட்டன்னு வருதே, வெள்ள சட்ட போட்டா பொருத்தமா இருக்காதே? பசங்க ஒருத்தன ஒருத்தன் பாத்துக்கினு நின்னானுங்க. வாயத் தொறந்து கேக்க கூச்சம். நான் வீட்டுக்குப் போய் என் சட்ட ஒண்ண எடுத்துக்கினு வந்து நானே மாட்டி வுட்டேன். அளவு கச்சிதம்! அப்படியே உயிரோட நின்னாப்ல இருந்துச்சு. கையில ஒரு பழைய மைக்கயும் சொருகி வுட்டேன்.

சிரிச்சாங்க பாரு சனங்க! அப்படி ஒரு சிரிப்ப நான் முப்பது வருச மேடையில பாத்ததில்ல. பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரரு தொப்பியால மூஞ்ச மறச்சிக்கினு சிரிச்சாரு. எம் பொண்டாட்டி குணசுந்தரி மளிக கடைக்கு வந்தவ, கூட்டத்துல நின்னு பாத்தா. "இது உன் சட்டயா? நீயே குடுத்தியா? நீயே கொளுத்தவும் போறியா?"ன்னு கேட்டா. ஆமாடின்னேன். தலையில அடிச்சிக்கினு குந்திட்டா, சிரிக்கறாளா அழுவறாளான்னே தெரியல. லோகு மேல அவளுக்கு அவ்வளவு பாசம். "அந்தப் பாட்ட முழுசா ஒரு வாட்டி கேளுய்யா"ன்னா. அவளுக்கு இன்னா தெரியும் விமர்சனத்தப் பத்தி?

நான்தான் கொளுத்துனேன். பத்துக்கு பத்து. அன்னிக்கிதான் மொத தடவையா முழு மார்க் போட்டேன்.

அது ஊரெல்லாம் பரவிடுச்சு. லோகுவும் பாத்திருப்பான். பாத்துட்டு உருகியிருப்பான், மாமன் நமக்காக தெருவுல எறங்கிட்டாரேன்னு. இன்னிக்கி சாயங்காலம் மெட்ராஸ்ல வெற்றி விழா. அதான் கெளம்பிட்டேன். பத்திரிகையா? எனக்கு எதுக்குப்பா பத்திரிகை? தாய்மாமனுக்கு அழைப்பு வெச்சா கூப்புடுவாங்க? குணசுந்தரிக்குத்தான் வந்திருக்குது. "நீ போய்ட்டு வா, நான் வரல, நீ போறதுதான் மொற"ன்னு என்னத் தள்ளி வுட்டுட்டா. இந்தப் பையில இன்னா இருக்குது பாரு. துண்டுல சுத்தி வெச்சிருக்கேன். நம்ம மைக்கு. பழசு, ஆனா சிங்கம். அவங்க மைக்கு எப்படி இருக்குமோ.

ஆனா உன் கிட்ட சொல்றதுக்கு இன்னா, நீ யாரோ நான் யாரோ. உள்ள கொஞ்சம் பயமாத்தான் இருக்குது. வாசல்ல நிக்கற தடியன் எவனாவது யாருய்யா நீன்னு கேட்டா? லோகு மேடையிலேர்ந்து பாத்தும் பாக்காத மாதிரி இருந்துட்டா? திரும்பி வந்து குணசுந்தரி கிட்ட இன்னான்னு சொல்லுவேன்? எனக்கு புள்ள குட்டி கெடையாது தம்பி. அவன்தான். அவனும் இன்னிக்கி இல்லன்னுட்டா அப்புறம் நான் யாருக்கு மாமன்? அத வுடு. காவேரிப்பாக்கம் ஏரி வந்துடுச்சு பாரு. இந்த வருசம் தண்ணி இருக்குது. ஏழு மார்க்.

இன்னா? இன்னா நீட்டற? காதுல மாட்டவா? எதுக்கு? மூணாவது சரணமா? வேணாம்பா. நான்தான் சொன்னேனே, ரெண்டு மார்க்கு. பேராசிரியரே... நீயும் குணசுந்தரி மாதிரியே சொல்றியே. சரி, உன் கடலைய துன்னுட்டேன், உன் பேச்ச கேக்கறேன். எந்தப் பக்கம் மாட்டறது? இதுவா? ஆங், கேக்குது. மியூசிக் நல்லாத்தான் இருக்குது. எங்க கடையில கொழா ஸ்பீக்கர் ஹாரன் இரையுமே, அந்த சத்தம் கூட பின்னாடி போட்டிருக்கானே.

ம். பாடறான். "அம்மா செத்த ஆடியில என் வாயி பூட்டிக்கிச்சு." அட, அக்காவப் பத்தி. இது எதிரி பாட்டு ஆச்சே, இதுல எதுக்கு... இரு. "டாக்டரு பாத்தாரு, பூசாரி பாத்தாரு, பூட்டு தொறக்கல." ஆமாம்பா. சோளிங்கர் மலைக்கோயிலுக்கு நான்தான் கூப்புட்டுக்கினு போனேன். மலை ஏறி...

இரு இரு. பேசாத.

"எப்பவும் பேசற ஒரு ஆளு, கடைக்குள்ள என்ன குந்த வெச்சான். மைக்க என் வாய்கிட்ட வெச்சான். ஒண்ணு சொல்றா, ரெண்டு சொல்றான்னான். நான் சொல்லல." ஆமா. சொல்ல மாட்டான். தினம் சாயங்காலம். தல குனிஞ்சிக்கினே குந்தியிருப்பான்.

"நான் பேசற வரைக்கும் அவனும் வேற பேச்சு பேசல. கல்யாண வூட்டுல அறிவிப்பு இல்ல, கோயில்ல கூவல் இல்ல. ஊரே கேட்டுச்சு, தட்சணா உனக்கு இன்னா ஆச்சுன்னு."

பேரு வருதுப்பா. என் பேரு வருது.

"மூணு மாசம் ரெண்டு ஊமைங்க ஒரே கடையில."

அது... நான் இத யாருக்கும் சொன்னதில்லையே தம்பி. இது பெரிய விசயம்னே எனக்குத் தோணல. புள்ள பேசாம இருக்கறப்ப நான் மட்டும் எப்படி வாயத் தொறக்கறது? ஒரு நாள் திடீர்னு, மைக்க புடிச்சிக்கினு, "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னான். ஹாரன்ல முத்துக்கடை பூரா கேட்டுச்சு. நான் வெளிய ஓடிப் போய் நடுத்தெருவுல நின்னேன். எதுக்கு ஓடுனேன்னு தெரியல.

இப்ப இன்னா பாடறான்? சத்தத்த கொஞ்சம் ஏத்து.

"ஒயர புடுங்குன கையும் அதுதான், ஒண்ணு ரெண்டு சொல்லித் தந்த கையும் அதுதான். எதத் திட்டறது, எத வுடறது? மேடையில ஒரு மைக்கு காலியா வெச்சிருக்கேன். ரெண்டே ரெண்டு நிமிசம் தர்றேன், வா மாமா."

முடிஞ்சிடுச்சா? அவ்வளவுதானா?

அப்போ ஒயருன்னது ஒயரேதானா. அப்போ அந்த மஞ்ச சட்டை... அட பாவி. முத்துக்கடையில, ஊரு பூரா நிக்க வெச்சி, நானே சட்ட மாட்டி, நானே மைக்கு சொருகி, நானே நெருப்பு வெச்சி... பத்துக்கு பத்து வேற குடுத்தேன்பா! அந்த போலீஸ்காரன் அதுக்குத்தான் சிரிச்சானா! அந்த பீரங்கி பல்லாவரத்துல சிவனேன்னு குந்தியிருந்தவன், அவன வேற...

சிரி, சிரி. நீயும் சிரிச்சிக்க. அவன் கூப்ட்டு ஒரு மாசம் ஆச்சு. உலகத்துக்கே கேக்கற மாதிரி மாமான்னு கூப்ட்டிருக்கான். நான் காசு குடுத்து அத வெட்டித் தூக்கிப் போட்டுட்டு, மொதல்ல அவன் கூப்புடட்டும்னு முறுக்கிக்கினு குந்தியிருந்தேன். அந்த டப்பா டேவிட்டுக்கு இன்னா தெரியும்? அந்த பேராசிரியருக்கு இன்னா தெரியும்? அவங்களயா அந்தப் புள்ள கூப்ட்டான்? என்னத்தான கூப்ட்டான்!

மார்க்கா?

மார்க்கு... இரு. அப்புறம் போடறேன்.

ரெண்டு நிமிசத்துல இன்னா பேசறது தம்பி? ரெண்டு நிமிசத்துல நான் வணக்கமே சொல்லி முடிச்சதில்ல. ஒத்திகை பாத்துக்கறேன். அன்பார்ந்த... ஹலோ. ஹலோ, ஒண்ணு... இன்னாப்பா இது, தொண்டை அடைக்குது. ஜன்னல மூடு. காத்து இல்லயா? மூடித்தான் இருக்குதா?

வரல தம்பி. பேச்சு வரல.

உன் பேரு இன்னா? ஏறுனதுலேர்ந்து நான் கேக்கவே இல்லையே. எங்க வேல பாக்கற, அப்பா அம்மா இருக்காங்களா, ஒண்ணும் கேக்கல. கோயம்பேடு வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்குது. நீ பேசுப்பா. நான் கேட்டுக்கினு வரேன்.